ஆட்டுப் பட்டியும் கைப்பேசியும்

காந்திகிராமத்தில் சில தினங்கள் தங்கியிருந்துவிட்டு, செம்பட்டி மார்க்கமாக வத்தலக்குண்டு வந்து சேர்ந்து, அங்கே பெரியகுளம் செல்லும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். நாவலாசிரியர் ராஜமய்யரும் தேசபக்தர் சுப்பிரமணிய சிவாவும் பிறந்த மண், எழுத்தாளர் சி.சு. செல்லப்பாவின் ஊர் என்ற நினைவினால், அந்த ஊரை ஒரு முறை நிதானமாகச் சுற்றி வர வேண்டுமென்ற ஆசை எழுந்தது உண்மையே. ஆயினும் நான் புறப்பட்டு வந்த காரியம் வேறாக இருந்தபடியால் அந்த ஆசையைப் பிறிதொரு சந்தர்ப்பத்துக்கு ஒத்திவைத்தேன்.

அந்தக் காரியம் தொழிற்கல்வியைப் பற்றியது. தமிழ்நாட்டின் தொழிற்கல்வி இப்பொழுது பெரிய மாறுதல் ஒன்றின் நடுவில் நிற்கிறது. மாநில அரசு டாட்டா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் சேர்ந்து, 71 அரசினர் தொழிற்பயிற்சி நிலையங்களை (ஐ.டி.ஐ.) ஏறத்தாழ 2,877 கோடி ரூபாய்ச் செலவில் புதிய தொழில்நுட்ப மையங்களாக உயர்த்தும் திட்டத்தை மேற்கொண்டது. 1950-ஆம் ஆண்டில் மத்திய அரசு கைவினைஞர் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கிய காலத்தில் அரமும் உளியும் பட்டடைக்கல்லும் இருந்த பட்டறைகளிலே, இன்று ரோபோவின் இரும்புக் கையும், கணினி சொல்லியபடி கடையும் சி.என்.சி. இயந்திரமும், மின்சார வாகனத்தின் உள்ளுறுப்புகளும் வந்து அமர்ந்திருக்கின்றன. இவையெல்லாம் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஓர் ஏழைப் பையன் பெரிய கம்பெனியின் வாசலில் நிற்கும்போது, உள்ளே இருக்கும் இயந்திரத்தை அவன் முன்பே தொட்டுப் பார்த்திருக்க வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை. ஆனால், இயந்திரம் வந்துவிட்டதனாலேயே கற்பவன் விழித்துக்கொண்டு விடுகிறானா என்ற கேள்வி மட்டும் வெகு நாளாக என்னை விடாமல் தொடர்ந்து வந்தது.

1937-இல் வார்தாவில் கூடிய மகாநாட்டில் கைத்தொழிலை நடுவாக வைத்துக் கல்வி புகட்ட வேண்டுமென்று காந்தியடிகள் வற்புறுத்தியதும், அந்தக் கருத்தைத் தலைமேற்கொண்டு டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947-இல் காந்திகிராமத்தை நிறுவியதும் யாவரும் அறிந்த சரித்திரம். அங்கே என்னோடு சம்பாஷித்துக்கொண்டிருந்த ஓர் அன்பர் என் கேள்வியை முழுவதும் கேட்டுவிட்டு, “ஐ.டி.ஐ.யைப் பிறகு பாருங்கள், முதலில் தேனிப் பக்கம் போய் ஆடு வளர்க்கிற பெண்களைப் பார்த்துவிட்டு வாருங்கள்” என்றார். தமக்குத் தெரிந்த ஒரு குடும்பம் கெங்குவார்பட்டியில் இருப்பதாகவும் சொல்லி, ஒரு துண்டுக் காகிதத்தில் வழி எழுதிக் கொடுத்தார்.

வத்தலக்குண்டைத் தாண்டியதும் பழனி மலைத் தொடர் வலப்பக்கத்தில் நெருங்கி வந்து நிற்கிறது. கொடைக்கானலுக்கு ஏறும் வண்டிகளெல்லாம் காட்ரோட்டில் பிரிந்து மலையைப் பார்த்துத் திரும்பிவிடுகின்றன. தேனியையும் கம்பத்தையும் குமுளியையும் நோக்கிச் செல்கிறவர்கள் மட்டும் அடிவாரத்தை ஒட்டியே நேரே போகிறார்கள். இவ்விரு கூட்டத்தாரும் நின்று பாராமல் கடந்து போகும் ஊர்களில் ஒன்று கெங்குவார்பட்டி. தென்னந்தோப்பும் மாந்தோப்பும் வாழையுமாக, மஞ்சளாற்றின் நீரை நம்பி வாழும் பேரூர். நான் போன சமயம் மலையில் மழை பெய்து ஓய்ந்திருந்தபடியால், ஏறத்தாழ 975 அடி உயரத்திலிருந்து விழும் தலையாற்று அருவி தூரத்துப் பாறை முகத்தில் மெல்லிய வெண்கோடாகக் காட்சியளித்தது. எலிவால் அருவி என்று மக்கள் அதற்கு வைத்த பெயர் எவ்வளவு பொருத்தமென்பதைச் சமவெளியில் நின்று பார்க்கிறவன்தான் உணர முடியும்.

துண்டுக் காகிதத்தில் கண்ட வீடு ஊரின் கடைசித் தெருவில், மலையைப் பார்த்த வாக்கில் இருந்தது. வீட்டுக்குப் பக்கத்திலே தென்னங்கட்டைகளை ஊன்றி, தரையிலிருந்து ஆள் குனிந்து நுழையும் உயரத்துக்குப் பரண் அமைத்து, இடைவெளி விட்டுப் பலகைகளைப் பரப்பி, அதன் மேல் ஆடுகளை விட்டிருந்தார்கள். புழுக்கையும் சிறுநீரும் இடைவெளி வழியே கீழே விழுந்துவிடுவதால் ஆடுகளின் குளம்புகள் காய்ந்து சுத்தமாக இருந்தன. ஒரு கம்பத்தில் சுருக்குப் பை ஒன்று தொங்கியது. அதற்குள்ளே கைப்பேசி இருந்தது. ஐம்பது வயது மதிக்கத்தக்க அந்த வீட்டு அம்மாள், நான் வந்த காரியத்தைக் கேட்டுக்கொண்டு, பேச்சை வளர்க்காமல், “வாங்கய்யா, வேலை இருக்கு, பாத்துக்கிட்டே பேசலாம்” என்று பரணுக்கு அழைத்துச் சென்றாள்.

அவள் செய்த வேலையைச் சற்று விவரமாகச் சொல்ல வேண்டும். ஓர் ஆட்டைக் கால்களுக்கிடையில் அடக்கிப் பிடித்துக்கொண்டு, இடது கைப் பெருவிரலால் அதன் கீழ் இமையை மெல்லக் கீழே இழுத்தாள். உள்ளே இருந்த சவ்வு நல்ல சிவப்பாக இருந்தது. விட்டுவிட்டு அடுத்த ஆட்டைப் பிடித்தாள், அதுவும் அப்படியே. மூன்றாவது, மயிர் சிலிர்த்து ஒரு மூலையில் தனியே நின்றுகொண்டிருந்த கறுப்புப் பெட்டை. அதன் இமையைக் கவிழ்த்தபோது உட்புறம் வெளிறி, ஏறக்குறைய வெண்மையாகவே இருந்ததை நான் என் கண்ணால் கண்டேன். இரைப்பையிலே ஒட்டிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சும் புழு மிகுந்துவிட்டால் இமைச் சவ்வின் சிவப்பு இப்படி மறைந்துவிடுகிறது; சோதனைச் சாலையும் உருப்பெருக்கிக் கண்ணாடியும் இல்லாத இடத்தில் நோயை நோயாளியின் கண்ணிலேயே வாசித்துவிடும் இந்த முறையை உலகெங்கும் கால்நடை வைத்தியர்கள் கையாளுகிறார்கள். அவள் அந்த ஆட்டை மட்டும் வேறாகக் கட்டினாள். மருந்து எல்லா ஆட்டுக்கும் கொடுப்பதில்லையா என்று கேட்டேன். “எல்லாத்துக்கும் ஊத்தக் கூடாதுங்கய்யா. தேவையில்லாததுக்கு ஊத்திக்கிட்டே இருந்தா, பெறகு மருந்துக்குப் புழு சாகாது” என்றாள். மருந்தை எதிர்த்துப் பிழைக்கும் ஆற்றலைப் புழுக்கள் பெற்றுவிடும் என்று சர்வகலாசாலைப் புஸ்தகம் சொல்லும் விஷயம், அவள் வாயில் அவளுடைய சொந்த விஷயமாக வெளிவந்தது.

இதை யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று விசாரித்தேன். பல வருஷங்களுக்கு முன்பு, போடிப் பக்கத்தில் கட்டிக்கொடுத்த தன் தங்கை மூலம் கேள்விப்பட்டதாகவும், தங்கையின் குழுவிலே எல்லாருக்கும் கைப்பேசியில் குரலாகவே பாடம் வந்ததாகவும், கேட்டதைத் தங்கை வந்து இங்கே செய்து காட்டியதாகவும் சொன்னாள். “ஆடு வாங்குன புதுசுல நாலஞ்சு குட்டி செத்துப்போச்சு. காத்துக் கருப்புன்னு சொன்னாக. கண்ணத் தொறந்து பாக்கணும்னு அப்ப யாருக்குத் தெரியும்?”

அவள் தங்கையின் குழுவில் நடந்தது தேனி மாவட்டத்துக்கு வெளியே எத்தனை பேருக்குத் தெரியுமோ, அறியேன். ஆனால் கடல் கடந்த நாடுகளில் தொலைநிலைக் கல்வியைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதனை நன்கு அறிவார்கள். காமன்வெல்த் நாடுகளின் தலைவர்கள் 1987-இல் கனடாவின் வான்கூவர் நகரிலே கூடியபோது, கல்வியை எட்டாத மக்களுக்கு எட்டச் செய்வதற்கென்று ‘காமன்வெல்த் ஆஃப் லேர்னிங்’ என்னும் ஸ்தாபனத்தை ஏற்படுத்தத் தீர்மானித்தார்கள். அந்த ஸ்தாபனம் கே. பாலசுப்பிரமணியன் என்ற தமிழரின் முயற்சியால், விவசாயிகளுக்கான வாழ்நாள் கல்வி என்னும் திட்டத்தைத் தமிழ்நாட்டில் நடத்தியது. அதன் அமைப்பு எளிமையானது; ஆனால் ஆழ்ந்த யோசனையோடு செய்யப்பட்டது. கற்கும் குடியானவர்கள், கற்பிக்கத் தக்க பல்கலைக்கழகங்கள், செய்தியைக் கொண்டுசெல்லும் சாதனம், கடன் கொடுக்கும் வங்கி ஆகிய நான்கையும் ஒரே கயிற்றில் பிணைப்பது என்பதே அது. தேனி மாவட்டத்தில் ‘விடியல்’ என்னும் அமைப்பைச் சேர்ந்த சுயஉதவிக் குழுப் பெண்கள், தாங்கள் ஆடு வளர்க்க விரும்புவதாகத் தாங்களே முடிவு செய்து, வரவு செலவைத் தாங்களே கணக்கிட்டு, வங்கியின் முன்னே வைத்தார்கள். 2008-ஐ ஒட்டிய காலத்தில் ஏறத்தாழ 300 பெண்களுக்குக் கடன் கிடைத்தது. அந்தக் கடனில் ஆடுகளின் விலையோடு கைப்பேசி ஒன்றின் விலையும் சேர்ந்திருந்தது.

இந்த ஓர் அம்சத்தை நான் மிகவும் பெரிதாக மதிக்கிறேன். தானமாக ஒரு கருவியை அளித்து, இதனால் ஏதேனும் பயன் காணுங்கள் என்று சொல்வது நம் தேசத்தில் வாடிக்கையாக நடக்கும் காரியம். அந்தப் பெண்களோ தீவனத்தையும் கொட்டகையையும்போலக் கைப்பேசியையும் தொழிலின் முதலீடாகக் கருதி, அதற்கும் வட்டி கட்டச் சம்மதித்தார்கள். வட்டி கட்டி வாங்கிய பொருள் வீணே கிடக்க யார்தான் பொறுப்பார்கள்? கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் போன்ற நிலையங்களில் திரட்டப்பட்ட பாடம், இப்கோ கிசான் சஞ்சார் என்னும் நிறுவனத்தின் வழியே, ஒரு நிமிஷ அளவுள்ள குரற் செய்திகளாகத் தமிழில் நாள்தோறும் வந்தது. அப்போது கையிலிருந்தவை பொத்தான் வைத்த சாதாரணக் கைப்பேசிகளே. படமும் கிடையாது, எழுத்தும் வேண்டியதில்லை. பள்ளிக்கூட வாசலை மிதிக்காத பெண்ணுக்கும் காது உண்டல்லவா? மேய்ச்சல் காட்டில் நின்றபடியே கேட்கலாம்; கேட்டதை எதிரே நிற்கும் ஆட்டிடம் உடனே சோதித்துப் பார்க்கலாம். பனி காயுமுன் ஆட்டை அவிழ்த்துவிடாதே, ஈரப் புல்லின் நுனியிலே புழுக்குஞ்சு ஏறியிருக்கும் என்றோ, ஈன்ற குட்டிக்கு ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் ஊட்டு என்றோ காலையில் காதில் விழும் செய்தி, அந்தியில் குழுக் கூட்டத்திலே பத்துப் பெண்களின் வாயிலும் புகுந்து புறப்பட்டு, ஒருத்தியின் அனுபவத்தினால் திருத்தமும் மற்றொருத்தியின் சந்தேகத்தினால் தெளிவும் பெற்றுவிடும். இந்தப் பெண்களைப் பற்றிய ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்று, பாலசுப்பிரமணியன் முதலிய நால்வர் பெயரில், 2010-இல் தொலைநிலைக் கல்விக்கான சர்வதேசப் பத்திரிகையொன்றில் வெளிவந்து அறிஞர்களின் கவனத்தை ஈர்த்தது.

குரலால் தொழில் கற்பித்தது தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. 1960-களிலே தஞ்சை ஜில்லாவில் ஆடுதுறை 27 என்னும் நெல் பரவியபோது, அதன் சாகுபடி முறையைத் திருச்சி வானொலியின் விவசாய நிகழ்ச்சிகள் வாயிலாகவே குடியானவர்கள் தெரிந்துகொண்டபடியால், அந்த நெல்லுக்கு ‘ரேடியோ நெல்’ என்ற பெயரே நிலைத்துவிட்டது. அதற்கும் முன்னதாக, 1956-இல், யுனெஸ்கோவின் உதவியுடன் பூனாவைச் சுற்றிய 150 கிராமங்களில் வானொலிச் சங்கங்கள் அமைத்துப் பரீட்சை நடத்தினார்கள். ஒலிபரப்பைத் தனியே கேட்டுவிட்டுப் போகாமல், கூடியிருந்து கேட்டு, விவாதித்து, சந்தேகங்களை வானொலி நிலையத்துக்கே திருப்பி எழுதி அனுப்பும்படி அந்தச் சங்கங்கள் அமைந்தன. அதற்கு வழிகாட்டி கனடா தேசத்தில் 1941 முதல் நடந்துவந்த பண்ணை வானொலிச் சங்கம். அதே கனடாவின் கீழ்க் கரையிலே, நோவா ஸ்கோஷியாவில், 1928-இல் மோசஸ் கோடி என்னும் பாதிரியார் ஒரு சர்வகலாசாலையின் விரிவாக்கப் பகுதிக்குத் தலைவராகி, வறுமையில் வாடிய மீனவர்களைச் சிறு சிறு படிப்பு வட்டங்களாகக் கூட்டி, அவர்களுடைய கடனையும் மீனின் விலையையுமே பாடமாக வைத்து, அந்தப் படிப்பின் விளைவாகக் கூட்டுறவுக் கடன் சங்கங்களையும் மீன் பதனிடும் சாலைகளையும் எழுப்பிக் காட்டினார். படிப்பையும் கடனையும் ஒன்றுசேர்த்த அந்த யோசனையும் போடிப் பெண்களின் யோசனையும் வெவ்வேறு தேசங்களில் தோன்றியவை. ஆயினும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை.

இங்கே என் அபிப்பிராயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட விரும்புகிறேன். வானொலியாயினும் கைப்பேசியாயினும் ரோபோவாயினும், அது வந்து சேருமுன்பே கற்பவனிடத்தில் ஒரு கேள்வி பிறந்திருக்க வேண்டும்; அந்தக் கேள்விக்கு விடை கிடைக்காவிட்டால் அவனுக்கு இன்றே ஏதாவது நஷ்டம் நேர வேண்டும்; விடையைக் கையால் சோதித்துப் பார்க்க எதிரே ஒரு பொருளும், அதைப் பற்றித் தர்க்கம் செய்யப் பக்கத்திலே சில தோழர்களும் இருக்க வேண்டும். இவை அமைந்த இடத்தில் மிகச் சாதாரணமான கருவியும் பேராசிரியனாகிவிடும். இவை அமையாத இடத்தில் எத்தனை கோடி ரூபாய்க் கருவியும் கண்காட்சிப் பொருளாகவே நிற்கும். வேறொரு மாவட்டத்தில், விலையுயர்ந்த இயந்திரம் ஒன்றைப் பழுதாகிவிடுமோ என்ற பயத்தினால் துணி போர்த்திப் பூட்டி வைத்து, மாணவர்களுக்கு அதன் படத்தை மாத்திரம் திரையிலே காட்டிக்கொண்டிருந்ததை நான் கண்டிருக்கிறேன். அந்த மாணவர்களின் முகத்தில் இருந்த சோர்வு என் மனத்தை மிகவும் வருத்தியது.

கெங்குவார்பட்டி அம்மாளிடம் இப்போது இருப்பது படம் காட்டும் புதிய கைப்பேசி. அவள் மருமகள் அதை இயக்குகிறாள். ஆடு வளர்ப்பைப் பற்றிய வீடியோக்கள் ஆயிரக்கணக்கில் கிடைக்கின்றனவே, இப்போது கற்பது முன்னைவிடச் சுலபந்தானே என்று கேட்டேன். அம்மாள் சிறிது யோசித்தாள். “படம் நெறைய வருதுங்கய்யா. பாத்துக்கிட்டே இருந்தா பொழுதுதான் போகுது. ஒண்ணு கேட்டதும் எந்திரிச்சுப் போயி ஆட்டப் புடிச்சுப் பாத்தாத்தான் மனசுல நிக்கிது.” மருமகளோ அதனை முழுவதும் ஒப்புக்கொள்ளவில்லை. கழிந்த வாரம் ஒரு குட்டி இருமியபோது, அந்த இருமலையே கைப்பேசியில் பதிவு செய்து தெரிந்த கால்நடை ஆய்வாளருக்கு அனுப்பியதாகவும், அவர் கேட்டுவிட்டு, மூக்கில் சளி வடிகிறதா, வயிறு கழிகிறதா, தீனி எடுக்கிறதா என்று ஒன்றன்பின் ஒன்றாய்க் கேள்வி அனுப்பியதாகவும், ஒவ்வொரு கேள்விக்கும் தான் பரணுக்கு ஓடிப் பார்த்துவிட்டு வந்து பதில் சொன்னதாகவும் கூறினாள். மாமியாரும் மருமகளும் எதிரெதிர்க் கட்சிபோலப் பேசினாலும், இருவரும் சொன்னது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றிற்று.

பிற்பகலில் அங்கிருந்து புறப்பட்டுத் தேவதானப்பட்டி வழியாகப் பெரியகுளம் சென்றேன். முருங்கை பயிரிடும் உலகமெங்கும் பெயர் பெற்ற பி.கே.எம்.-1 ரகம் பிறந்த தோட்டக்கலைக் கல்லூரி இங்கேதான் இருக்கிறது. வேளாண்மைப் பல்கலைக்கழக மாணவர்கள் தங்கள் படிப்பின் இறுதிப் பகுதியில் கிராமத்திலே தங்கி, குடியானவர்களோடு சேர்ந்து வேலை செய்து கற்க வேண்டுமென்ற ஏற்பாடு வெகு காலமாக நடைமுறையில் உள்ளது. பதியன் போடுவதையும் பொறி வைத்துப் பூச்சி பிடிப்பதையும் விவசாயிக்குச் செய்து காட்டப் போகும் இளம்பெண், நீர்ப் பாய்ச்சலைப் பற்றி அவனிடமே பாடம் கேட்டுக்கொண்டு திரும்புவதும் உண்டு. பட்டப் படிப்புக்குப் பொருந்தும் இந்த வழி, ஐ.டி.ஐ. படிப்புக்கும் பாலிடெக்னிக் படிப்புக்கும் பொருந்தாது என்று சொல்ல முடியுமா? 1945-இல் கோயம்புத்தூரில் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக் தோன்றக் காரணமாயிருந்த ஜி.டி. நாயுடு, ஏட்டுப் பாடத்தில் வருஷங்களைக் கழிப்பது வீண், பட்டறையிலே விரைவாகக் கற்றுவிடலாம் என்று வாதாடியபோது, அவரைப் பிடிவாதக்காரர் என்றே பலர் எண்ணினார்கள். அவர் சொன்ன கால அளவை நான் ஏற்பதில்லை. ஆயினும் கையில் தொட்ட பிறகுதான் மூளை கேட்கத் தொடங்குகிறது என்ற அவருடைய அடிப்படை எண்ணம் சரியானதே.

மறுநாள் தேனிப் பக்கத்துத் தொழிற்பயிற்சிப் பட்டறை ஒன்றில், அங்குள்ள உதவிப் பயிற்சி அலுவலரின் அனுமதி பெற்று, ஒரு காலைப் பொழுதைக் கழித்தேன். டர்னர் பிரிவு மாணவர்கள் லேத்தில் உருட்டுக் கம்பியின் முகத்தைச் சமமாகக் கடைந்துகொண்டிருந்தார்கள். ஒரு பையனுடைய ஜாப்பின் முகம் பளபளவென்று வந்திருந்தது. ஆனால் சரியாக மையத்தில், ஒரு கடுகளவுக்குச் சிறு முளை மிஞ்சி நின்றது. எத்தனை தரம் கடைந்தாலும் அது போகவில்லை. அலுவலர் காரணத்தைச் சொல்லவில்லை. மற்றவர்களைக் கூப்பிட்டு, “எதனால இது நிக்குது, சொல்லுங்க பாப்போம்” என்றார். டூல் மழுங்கிவிட்டது என்றான் ஒருவன். வேகம் போதாது என்றான் இன்னொருவன். சக்கில் ஜாப் ஆடுகிறது என்றான் மூன்றாமவன். “சரி, ஒவ்வொண்ணா மாத்திப் பாருங்க” என்று சொல்லிவிட்டு அவர் ஒதுங்கி நின்றுகொண்டார்.

டூலைத் தீட்டி வந்து போட்டார்கள், முளை நின்றது. வேகத்தைக் கூட்டினார்கள், அப்போதும் நின்றது. அதன்பின் அலுவலர் தம் கைப்பேசியை ஒரு தாங்கியில் பொருத்தி, உலோகச் சுருள் தெறிக்காத தூரத்தில் வைத்து, டூல் மையத்தை நெருங்கும் கணத்தை மெதுவாக ஓடும் படமாக எடுக்கச் செய்தார். பையன்கள் தலையோடு தலை முட்டிக்கொண்டு பார்த்தார்கள். கண் இமைக்கும் நேரத்தில் நடந்து முடிந்துவிடும் காரியம் அங்கே நிதானமாக நகர்ந்தது. டூலின் முனை, சுழலும் முகத்தின் மையப் புள்ளியைத் தொடாமல், அதற்குச் சற்றுக் கீழாகவே கடந்து போவது அனைவருக்கும் பிரத்தியட்சமாயிற்று. “டூல் கீழ இருக்கு சார்!” என்று இரண்டு பேர் ஒரே சமயத்தில் கூவினார்கள். டெயில்ஸ்டாக்கின் முனையோடு ஒப்பிட்டுப் பார்த்து, டூலுக்கு அடியில் மெல்லிய தகடு ஒன்றைப் பேக்கிங்காக வைத்து உயர்த்தி, மறுபடி கடைந்தபோது முளை இருந்த இடம் தெரியவில்லை. அந்தப் பையன் முகத்தில் தோன்றிய பிரகாசத்தை வர்ணிக்க எனக்குச் சொற்கள் போதா.

“நானே சொல்லியிருந்தா ரெண்டு நிமிஷ வேலை சார். இப்ப அரை மணி போச்சு” என்றார் அலுவலர், என்னிடம் தனியாக. “சிலபஸ் முடிக்கணும்னா சொல்லிட்டுப் போறதுதான் வழி. ஆனா சொல்லிட்டா, நாளைக்கு வேற மிஷின்ல நின்னாலும் என்னத்தான் கூப்பிடுவான்.” அந்த அரை மணி நேரத்தை அவருக்கு யார் கொடுப்பது என்பதுதான் இன்றைய தொழிற்கல்வியின் பிரதானப் பிரச்னை என்று நான் கருதுகிறேன். பாலிடெக்னிக் ஆசிரியர்களுக்குக் கற்பிக்கும் கலையைக் கற்பிப்பதற்கென்றே 1964 முதல் சென்னைத் தரமணியில் ஒரு தேசிய நிலையம் இயங்குகிறது, கிண்டியில் ஐ.டி.ஐ. பயிற்றுநர்களுக்கான மத்திய நிலையம் இருக்கிறது. பம்பாய் ஐ.ஐ.டி.யினர் ‘ஸ்போக்கன் டுடோரியல்’ என்ற பெயரில் செய்த பாடங்களும் நல்ல வழிகாட்டிகள். ஏறத்தாழப் பத்து நிமிஷமே ஓடும் பாடத்தைத் தமிழ்க் குரலில் கேட்டு, அதை நிறுத்தி நிறுத்தி, அருகிலேயே அதே மென்பொருளைத் திறந்து வைத்துச் செய்துகொண்டே போகும்படி அவற்றை அமைத்திருக்கிறார்கள். ஆகவே, முறைகள் நமக்குத் தெரியாதவை அல்ல. இயந்திரம் வாங்கப் பணம் ஒதுக்குவதுபோல, ஆசிரியனின் நேரத்துக்கும் பணம் ஒதுக்க வேண்டும்; மாணவர் தொகையைக் குறைத்து, பாடத்திட்டத்தில் பிழை செய்யவும் பிழையைத் தேடவும் தனியே மணிகள் விட்டு, பழுதாகுமென்ற பயமின்றி இயந்திரத்தைத் திறந்துவிட வேண்டும். புதிய மையங்களின் ரோபோ, அதன் கையை எப்படி ஆட்டுவது என்பதை ஒப்பிப்பதற்காக நிற்காமல், அது தவறான இடத்தில் பற்றும்போது காரணம் கண்டுபிடிப்பதற்காக நிற்குமானால், செலவழித்த ஒவ்வொரு ரூபாயும் நூறாகத் திரும்பி வரும்.

பட்டறையை விட்டுக் கிளம்பும்போது எலெக்ட்ரீஷியன் பிரிவு மாணவர் சிலர் வராந்தாவில் கூடி, ஒரு நோட்டுப் புஸ்தகத்தில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்கள். சனிக்கிழமை தோறும் ஊருக்குள்ளே ஒரு தொழிற்கூடத்துக்குச் சென்று, அங்கே வந்திருக்கும் பழுது ஒன்றைப் பார்த்து, கைப்பேசியில் படமும் குரலும் பதிவு செய்துகொண்டு வந்து, திங்களன்று வகுப்பில் அதனை விவாதிக்க வேண்டுமென்று அதே அலுவலர் ஏற்பாடு செய்திருக்கிறார். வருகிற சனிக்கிழமை போகவேண்டியது ஒரு மோட்டார் ரீவைண்டிங் கடை. இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று பேஸ் மின்சாரம் குறைந்து இரண்டு பேஸாக வரும் நேரத்தில் கண்டென்சர் வைத்து மோட்டாரை ஓட்டுவதும், அதனால் காயில் கருகி மோட்டார் கடைக்கு வருவதும் சாதாரணமாகக் காணும் காரியம். மாணவர்கள் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்விகளைத் தயாரித்துக்கொண்டிருந்தார்கள்: மூன்று சுற்றில் எந்தச் சுற்று முதலில் கருகியிருக்கிறது, விவசாயி எத்தனை மணி நேரம் ஓட்டினார், கண்டென்சரின் அளவு என்ன, ஓவர்லோட் ரிலே இருந்ததா, இருந்தும் ஏன் விழவில்லை. ஐந்தாவது கேள்வியை அடித்துவிட்டு வேறு எழுதலாமா என்று ஒருவன் கேட்க, “அதுதாண்டா முக்கியமான கேள்வி, இருக்கட்டும்” என்று மற்றொருவன் தடுத்துக்கொண்டிருந்தான்.